9ஆம் வகுப்புக்கு ஓடை, சரிவு, மண்: விளையாட்டை வைத்து நடத்துவது எப்படி?

கேள்வி: கோத்தகிரிச்சாரல்

கோத்தகிரி வட்டாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் 38 பிள்ளைகள். நம்ம மலை மழையை எப்படிப் பிடித்துவைத்து ஓடையில் விடுகிறது, சரிவை வெட்டினால் மண் ஏன் இறங்குகிறது, இந்த இரண்டையும் ஆறு பாடவேளையில் நடத்த வேண்டும். ஒரு பாடவேளை 45 நிமிடம். கரும்பலகையில் மலை வரைந்து அம்புக்குறி போட்டால் தலையாட்டுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிகிற தேயிலைச் சரிவும் அந்தப் படமும் ஒன்றுதான் என்பது மனதில் ஏறுவதில்லை.

கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் கணினி விளையாட்டுகளைப் பிள்ளைகள் போனில் பார்த்திருக்கிறார்கள். அதை வைத்து நடத்தலாமா என்று யோசனை. லேபில் 10 கணினி, எல்லாம் 4 ஜிபி. 600 வி.ஏ. யூபிஎஸ் ஒன்றே ஒன்று. மழை நாளில் இணையம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு சார் லேபில் கூட நிற்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எந்த மென்பொருள், 10 கணினியில் 38 பேரை எப்படி உட்கார வைப்பது, மூன்றாவதாகத் தலைமையாசிரியர் கேட்பது: விளையாடி முடித்த பிள்ளை என்ன கற்றது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? அவர் கேட்பது நியாயம். பதில் வேண்டும்.

பதில்: உலிக்கல்_வயர்மேன்

டீச்சர், இணையம் இல்லாத லேபுக்கு லுவான்டி என்ற கட்டை விளையாட்டு மென்பொருள் பொருந்தும். 2024 வரை மைன்டெஸ்ட் என்று பெயர். இலவசம், திறந்த மூலம், மின்னஞ்சல் கணக்கு எதுவும் கேட்காது. லுவான்டியை மட்டும் இறக்கினால் அது காலி இன்ஜின்தான். ஆட்டம் தனியாக வரும். இணையம் இருக்கும் இடத்திலேயே மைன்டெஸ்ட் கேம் (ஆட்டம்), வேர்ல்டுஎடிட் (பெரிய பரப்பை ஒரே கட்டளையில் கட்ட), ஏரியாஸ் (நிலத்தைப் பிரித்து ஒதுக்க) மூன்றையும் சேர்த்து இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டமும் இந்த இணைப்புகளும் சர்வராக (மற்றவை வந்து இணையும் கணினியாக) இருக்கப்போகும் ஒன்றில் இருந்தால் போதும். மற்ற ஒன்பதுக்கும் லுவான்டி மட்டும். ஆனால் பத்திலும் ஒரே பதிப்பாக இருக்கட்டும்.

வைஃபை வேண்டாம். 16 போர்ட் சுவிட்ச் ஒன்று, கேபிள் பத்து. கணினி இணையவில்லை என்றால் நூற்றுக்கு எண்பது தடவை காரணம் சர்வரில் விண்டோஸ் ஃபயர்வால்: 30000 எண் யூடிபி போர்ட்டைத் திறந்துவிடுங்கள். சர்வரின் ஐபி எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதிப் போடுங்கள். அது தினமும் மாறாமல் இருக்க நிலையான எண்ணாகக் கொடுத்துவிடுவது நல்லது.

சர்வரில் மாற்ற வேண்டியவை: கிரியேட்டிவ் (கட்டை தீராமல் கிடைக்கும் முறை) ஆன், அடிபடுவது ஆஃப், ஒருவரை ஒருவர் தாக்குவது ஆஃப், நேரத்தை நண்பகலில் நிறுத்துங்கள் (இல்லாவிட்டால் இருபது நிமிடத்தில் ராத்திரி வந்துவிடும், பிள்ளைகள் விளக்குத் தேடப் போவார்கள்). யார் எந்தக் கட்டையைப் போட்டார், எடுத்தார் என்று பதிவாகும் ரோல்பேக் வசதியையும் முதல் நாளே ஆன் செய்யுங்கள். அடுத்தவர் கட்டியதை ஒரு பிள்ளை உடைத்துவிட்டால் வகுப்பு அங்கேயே நின்றுவிடும். ரோல்பேக் இருந்தால் அரை நிமிடத்தில் பழையபடி கொண்டுவரலாம். ஏரியாஸ் வைத்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கினால் அந்தச் சிக்கலே பெரும்பாலும் வராது.

பார்வைத் தூரத்தை 80 கட்டைக்குக் குறைத்தால் 4 ஜிபி கணினி திணறாது. யூபிஎஸ்ஸில் சர்வரையும் சுவிட்சையும் மட்டும் மாட்டுங்கள். சர்வர் சில வினாடிக்கு ஒருமுறை உலகத்தை வட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளின் கணினி அணைந்தாலும் கட்டியது போகாது. அப்படியும் ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும் உலகக் கோப்புறையைத் தேதி போட்டு நகலெடுத்து வையுங்கள்.

விளையாட்டுக்குள் பலகையில் தமிழ் எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்து உடையலாம். அதனால் பலகையில் எண் மட்டும் போட்டு, எண்ணுக்குரிய விளக்கத்தைக் காகிதத்தில் எழுதி கணினி பக்கத்தில் ஒட்டுங்கள்.

மூடுபனிக் காலத்தில் லேபை வாரக்கணக்கில் பூட்டி வைத்துவிட்டு ஒரே நாளில் பத்தையும் போடாதீர்கள். பாடத்துக்கு நாலு நாள் முன்பிருந்தே தினம் அரை மணி ஓடவிடுங்கள். ஈரம் ஏறிய ரேம் முனைதான் இங்கே பாதிக் கோளாறுக்குக் காரணம்.

பதில்: கட்டபெட்டு_வரைபடம்

மென்பொருளைத் திறந்ததும் தானாக உருவாகும் மலையில் பாடம் நடத்தாதீர்கள். அது அழகாக இருக்கும், ஆனால் யாருடைய ஊரும் இல்லை. பள்ளிக்குப் பின்னால் உள்ள சரிவையே கட்டுங்கள். செய்முறை எளிது.

இந்திய சர்வே துறையின் 1:50,000 வரைபடத்தில் 1 கி.மீ. என்பது 2 செ.மீ. சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. பள்ளி இருக்கும் 1 கி.மீ. சதுரத்தைக் குறித்துக்கொண்டு ஜெராக்ஸில் 316 சதவீதத்தில் பெரிதாக்குங்கள். வந்த நகலை மறுபடி 316இல் போடுங்கள். பத்து மடங்கு ஆகிவிடும். 2 செ.மீ. இப்போது 20 செ.மீ. அதை மில்லிமீட்டர் கிராப் தாளில் டிரேசிங் எடுத்தால் 200 கட்டம். ஒரு மில்லிமீட்டர் ஒரு கட்டை, ஒரு கட்டை 5 மீட்டர். உயரத்துக்கும் அதே கணக்கு: ஒவ்வொரு சமஉயரக் கோட்டுக்கும் 4 கட்டை ஏற வேண்டும். 300 மீட்டர் ஏற்றம் உள்ள சரிவு 60 கட்டை உயரம் வரும்.

மட்டமான உலகத்தில் தொடங்குங்கள். மிகத் தாழ்ந்த கோட்டுக்குள் அடங்கும் பரப்பு முழுவதையும் வேர்ல்டுஎடிட் வைத்து 4 கட்டை உயர்த்துங்கள். அதன் மேல் அடுத்த கோடு, அதற்கு மேல் அடுத்தது. படிக்கட்டு மாதிரி வரும், வரட்டும். "அந்த ஒரு படிதான் 20 மீட்டர்" என்று பிள்ளைகள் ஏறி இறங்கிப் பார்ப்பது கோட்டுப்படத்தை வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறது. ஓடை ஓடும் இடத்தில் கோடு மேட்டை நோக்கி வளைந்து நிற்பதைத் தாளில் ஆயிரம் தடவை சொன்னாலும் குழப்பம்தான். அந்த வளைவுக்குள் நின்று இரண்டு பக்கமும் சுவர் உயர்வதைப் பார்த்தால் அப்புறம் மறக்காது.

எல்லாரும் செய்யும் தவறு ஒன்று: மலை "எடுப்பாகத் தெரியட்டும்" என்று உயரத்தை இரண்டு மடங்காக்குவது. 20 டிகிரி சரிவு அப்போது 36 டிகிரி ஆகிவிடும். நிலச்சரிவைப் பற்றி நடத்தப்போகும் பாடத்தில் சரிவுக் கோணமே பொய்யானால் மிச்சம் எதற்கு?

பதில்: ஹள்ளக்கரை

மேலே சொன்ன இரண்டும் சரி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அந்த விளையாட்டில் தண்ணீரை வைத்துப் பாடம் நடத்தவே கூடாது.

காரணம் கேளுங்கள். அதில் இரண்டு தண்ணீர் ஊற்றுக் கட்டையை ஒரு கட்டை இடைவெளி விட்டு வைத்தால், நடுவில் மூன்றாவது ஊற்று தானாகப் பிறக்கும். எவ்வளவு அள்ளினாலும் தீராது. மட்டமான தரையில் சில கட்டை தூரம் ஓடிவிட்டு அப்படியே நின்றுவிடும். மண்ணுக்குள் இறங்காது. மார்ச் மாதத்தில் வற்றாது. நீர் தீராத பொருள் என்ற எண்ணத்தை இதைவிட ஆழமாகப் பதிய வைக்க முடியாது. ஆற்று நீர் என்று தனியாக ஒரு கட்டை உண்டு, அது தானாகப் பெருகாது. ஓடை போகும் வழியைக் குறிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் நீலக் கண்ணாடிக் கட்டையைப் பதித்துவிடுங்கள்.

தண்ணீரைத் தண்ணீராலேயே நடத்த வேண்டும். நம்ம மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் பாட்டிலை வெட்டிச் செய்யும் சோதனைகள் உதவாது. மளிகைக் கடையில் 15 கிலோ எண்ணெய் டின் மூன்று கேளுங்கள். படுக்கப் போட்டு மேல் முகத்தை வெட்டி எடுங்கள், விளிம்பைக் குறடால் உள்பக்கம் மடித்துத் தட்டுங்கள் (மடிக்காமல் வகுப்புக்குள் கொண்டுபோகவே கூடாது). நீளம் சுமார் 35 செ.மீ., அகலம் 23.5 செ.மீ. ஒரு முனையில் அடியிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் வாய் மாதிரி வெட்டுங்கள். அது மேலோட்ட நீருக்கு. அதே முனையில் அடித்தட்டை ஒட்டி ஆணியால் ஒரு துளை போட்டுப் பஞ்சு அடையுங்கள், அது ஊற்று. இரண்டுக்கும் கீழே தனித்தனி டம்ளர்.

6 செ.மீ. உயரத்துக்கு மண். ஒரு டின்னில் வெறும் மண், ஒன்றில் மண் மேல் இரண்டு விரல் கனத்துக்கு இலைச்சருகு, ஒன்றில் புல். மைதான ஓரத்துப் புல்லை வேரோடு பெயர்த்து எடுங்கள், காட்டுப் புல்வெளியில் கை வைக்க வேண்டாம். புல்லைச் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே டின்னில் பதித்துத் தண்ணீர் விட்டு வாருங்கள். அன்றைக்கே வெட்டி அன்றைக்கே வைத்தால் புல் தட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே இடுக்கு இருக்கும். தண்ணீர் அதில் வழுக்கிக்கொண்டு ஓடி, வெறும் மண்ணைவிடப் புல்தான் அதிகம் வடிக்கிறது என்று தலைகீழ் முடிவு வரும். பல பள்ளிகளில் இந்தச் சோதனை சொதப்புவது இந்த ஒரு காரணத்தால்தான்.

மேல் முனையை 12 செ.மீ. தூக்கி வைத்தால் 20 டிகிரி. அடியில் இருபது துளை போட்ட வேறொரு சின்ன டின்னில் அரை லிட்டர் தண்ணீரை ஒரு முழம் உயரத்திலிருந்து ஒரு நிமிடம் தூவுங்கள். 1, 2, 5, 10, 20ஆவது நிமிடங்களில் இரண்டு டம்ளரிலும் எவ்வளவு இருக்கிறது, எந்த நிறம் என்று எழுத வேண்டும். 20ஆவது நிமிடம் முக்கியம். மேல்வாய் நின்ற பிறகும் அடித்துளை சொட்டிக்கொண்டிருக்கும். மழை விட்டு மூன்று மாதம் கழித்தும் நம்ம ஓடை ஓடுவது அந்தச் சொட்டுதான்.

கணக்கு சாருக்கு ஒரு வேலை: அரை லிட்டரை டின்னின் பரப்பால் வகுத்தால் சுமார் 6 மி.மீ. மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மி.மீ.க்கு மேல் பெய்தது. அதாவது இந்த டின்னில் 150 தடவை அரை லிட்டர் ஊற்ற வேண்டும். எண்ணைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளைகளே டின்னைப் பார்ப்பார்கள்.

சரிவுக்கு: அதே வெறும் மண் டின்னில் தலை நீக்கிய தீக்குச்சிகளை 3 செ.மீ.க்கு ஒன்றாக வரிசை வரிசையாக நிமிர்த்தி நடுங்கள். கீழ்முனையில் 8 செ.மீ. மண்ணை ஸ்கேலால் செங்குத்தாக வெட்டி எடுங்கள். வீடு கட்ட அடிவாரத்தை வெட்டுவது அதுதான். இப்போது அரை லிட்டர் அரை லிட்டராக ஊற்றுங்கள். மண் விழுவதற்கு முன்பே வெட்டுக்கு மேல் உள்ள முதல் வரிசைக் குச்சிகள் சாயத் தொடங்கும், அதற்குப் பின்னால் முடி மாதிரி ஒரு விரிசல் ஓடும். சாய்ந்த மின்கம்பம், சுவரில் புது வெடிப்பு, இல்லாத இடத்தில் திடீர் ஊற்று இவற்றையெல்லாம் ஊரில் ஏன் கவனிக்கச் சொல்கிறார்கள் என்பது அந்தத் தீக்குச்சியில் இருக்கிறது.

பதில்: வில்பட்டி_மேடு

கொடைக்கானல் பக்கமிருந்து. 20 பேர் லேபில், ஜோடிக்கு ஒரு கணினி; மிச்சம் 18 பேருக்குப் பக்கத்து அறையில் காகித விளையாட்டு; மறுநாள் இடம் மாற்றுங்கள். ஜோடியில் ஒருவர் "கை", மவுஸ் பிடிப்பவர். இன்னொருவர் "கண்", கிராப் தாளைப் படித்துச் சொல்லி எழுதுபவர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் வீட்டில் போன் கிடைக்கிற பிள்ளை மவுஸை விடாது, பெரும்பாலும் பெண்பிள்ளைகள் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

காகித விளையாட்டு இதோ. ஒரு ஓடை, அதன் கரையில் மேலிருந்து கீழாக ஐந்து குடும்பம். 18 பேர் என்றால் மூன்று குழு, மிச்சம் மூன்று பேர் குழுவுக்கு ஒருவராகக் கணக்கர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு துண்டு நிலம். தொடக்கத்தில் ஒரு துண்டு சோலை (மலைக்காடு), ஒரு துண்டு காலி. தண்ணீர் என்பது மொச்சை விதை. மழைச் சுற்றில் ஓடையில் 24 விதை, கோடைச் சுற்றில் 12. கோடையில் மட்டும், நிற்கிற ஒவ்வொரு சோலைத் துண்டுக்கும் 2 விதை கூடுதல்.

கேரட்டுக்கு 3 விதை வேண்டும், 7 புள்ளி. தேயிலைக்கு 1 விதை, 2 புள்ளி. நட்டுவிட்டுத் தண்ணீர் கிடைக்காத துண்டுக்கு 1 புள்ளி கழிவு. காலியாக விட்டால் பூஜ்யம். என்ன நடுவது என்பதைச் சீட்டைக் கவிழ்த்து எல்லாரும் ஒரே நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். பிறகு மேல் குடும்பத்திலிருந்து வரிசையாக விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். சோலையை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம், வெட்டினது அந்த ஆட்டம் முடியும்வரை திரும்பாது. மழை, கோடை மாறி மாறி எட்டுச் சுற்று. முதல் நான்கு சுற்றில் பேசக்கூடாது, அடுத்த நான்கில் பேசலாம்.

இந்த எண்கள் ஏன் இப்படி என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மழைச் சுற்றும் ஒரு கோடைச் சுற்றும் சேர்த்து, குழு மொத்தமாக எடுக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளி: ஐந்து சோலையும் நின்றால் 70, நான்கு நின்றால் 84, மூன்று 91, இரண்டு 93, ஒன்று 88, ஒன்றுமே இல்லாவிட்டால் 84. அதாவது முதல் மூன்று வெட்டு ஊருக்கே லாபம். நான்காவது வெட்டிலிருந்து நஷ்டம், ஆனால் வெட்டியவருக்கு அது தெரியாது. அவருக்கு 7 புள்ளி வந்துவிடும், ஐந்தாவது வீட்டுக்காரரின் கேரட்தான் வாடும். "வெட்டாதே" என்று உபதேசம் செய்யும் விளையாட்டாக இருந்தால் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்த விடையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எத்தனை, எந்த இடத்தில், யாருடையது என்று வாக்குவாதம் வர வேண்டும்.

இரண்டாவது ஆட்டத்தில் மேல் வீட்டுக்காரர் கடைசி வீட்டுக்குப் போகட்டும்.

பதில்: சீகைமேடு

வில்பட்டி அண்ணன் சொன்ன விளையாட்டு நல்லது, ஆனால் அப்படியே நடத்தினால் ஒரு தவறான பாடம் போய்ச் சேரும்: மரம் இருந்தால் தண்ணீர், மரம் இல்லாவிட்டால் இல்லை. நீலகிரி மேட்டுநிலத்துக்கு அது பொருந்தாது. இங்கே சோலை பள்ளத்திலும் மடிப்பிலும், புல்வெளி மேட்டிலும், அடியில் சதுப்பும் என்று மூன்றும் சேர்ந்துதான் நீரைப் பிடிக்கின்றன. புல்வெளியில் மரம் நட்டால் ஓடை குறையும். கிளென்மார்கன் நீர்ப்பிடிப்பில் புல்வெளியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டு அளந்தபோது முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடை நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வேகமாக வளரும் மரம் வேரால் உறிஞ்சி இலை வழியாக விடும் நீர் அது.

அதனால் இரண்டு மாற்றம். சீட்டில் "சோலை" என்று மட்டும் எழுதாமல் "சோலையும் புல்வெளியும்" என்று எழுதுங்கள். இரண்டாவது ஆட்டத்தில் "கற்பூர மரம்" என்று புதுச் சீட்டு: தண்ணீர் கேட்காது, சுற்றுக்கு 2 புள்ளி தரும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஓடையில் 1 விதை குறையும். மேல் வீட்டுக்காரர் முதலில் இதைத்தான் எடுப்பார். மூன்று பேர் எடுத்ததும் கோடையில் கீழே என்ன ஆகிறது என்று பாருங்கள். பிறகு சீகையையும் (வாட்டில் மரம்) கற்பூரத்தையும் மேட்டில் பரப்பியது யாருக்கு எதற்குத் தேவைப்பட்டது என்ற வரலாற்றுக்கு வாசல் தானாகத் திறக்கும்.

பதில்: வில்பட்டி_மேடு

இந்தத் திருத்தம் சரி. நானே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அறிவியல் ஆசிரியருக்கு ஆர்வம் இருந்தால் நெட்லோகோ என்ற இலவச மாதிரி மென்பொருளில் ஓநாய், ஆடு, புல் மாதிரி தயாராகவே இருக்கிறது, இணையம் வேண்டாம். நம்ம பிள்ளைகளுக்கு செந்நாய், வரையாடு என்று பெயர் மாற்றிச் சொல்லுங்கள். புல் தீராது என்று வைத்து ஓட்டினால் ஆடு தீர்ந்து ஓநாயும் அழியும், அல்லது ஓநாய் அழிந்து ஆடு கட்டுக்கடங்காமல் பெருகும். புல்லும் தின்னத் தின்னக் குறைந்து திரும்ப முளைக்க நேரம் எடுக்கும் என்று வைத்தால் மூன்றும் ஏறி இறங்கி நிலைக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு அளவை மாற்ற வேண்டும், ஒவ்வொன்றையும் மூன்று தடவை ஓட்ட வேண்டும். தற்செயல் கலந்த மாதிரி என்பதால் ஒரு தடவை ஓட்டியதை வைத்து முடிவு சொல்ல முடியாது.

கோத்தகிரிச்சாரல்:

எல்லாருக்கும் நன்றி. டின் நாளைக்கே கேட்கிறேன். இரண்டு சந்தேகம். ஒன்று, தலைமையாசிரியர் கேட்ட மதிப்பீடு. இன்னொன்று கொஞ்சம் கஷ்டமானது. 2009 நவம்பர் நிலச்சரிவில் வீடு போன குடும்பங்கள் எங்கள் பக்கம் உண்டு. இந்தப் பிள்ளைகள் அப்போது பிறக்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். அந்தத் தீக்குச்சிச் சோதனையை எப்படிச் செய்வது?

பதில்: ஹள்ளக்கரை

டீச்சர், இதைக் கேட்டது நல்லது. டின்னில் பொம்மை வீடு வைக்காதீர்கள். குச்சி போதும். மண் விழும்போது கைதட்டல், புள்ளி, போட்டி எதுவும் வேண்டாம். முந்தின நாளே என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று நினைக்கும் பிள்ளை காரணம் சொல்லாமல் மழை அளவு எழுதும் வேலையை எடுத்துக்கொள்ளட்டும். மண்ணை விழவைத்து முடிக்காதீர்கள். அதே சரிவை இன்னொரு டின்னில் படிப்படியாக வெட்டி, மேலே ஒரு வாய்க்கால் கீறி, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். எத்தனை அரை லிட்டர் கூடுதலாகத் தாங்கியது என்று எண்ணி முடிக்கட்டும். பயத்தோடு வீட்டுக்கு அனுப்பாமல் கையில் ஒரு வழியோடு அனுப்ப வேண்டும்.

காலமும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவம்தான் பெரிய மழை. காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் தொடங்கினால், பாடத்தில் பார்த்ததை நவம்பரில் ஓடையிலேயே பார்க்கலாம். புல் டின்னை விடுமுறைக்கு முன்பே பதித்துவிடுங்கள்.

பதில்: கட்டபெட்டு_வரைபடம்

மதிப்பீட்டுக்கு: விளையாட்டில் எடுத்த புள்ளிக்கு ஒரு மதிப்பெண்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பேசுவது நின்று, ஜெயிப்பது மட்டும் நடக்கும்.

45 நிமிடத்தை 5 நிமிடம் விளக்கம், 20 ஆட்டம், 15 பேச்சு, 5 எழுத்து என்று பிரியுங்கள். ஆட்டம் சூடுபிடித்திருக்கும்போது நிறுத்த மனசு வராது. ஆனாலும் நிறுத்துங்கள். பேசத் தொடங்குமுன் எல்லா மானிட்டரையும் அணைக்க வேண்டும்; திரை எரிந்தால் கண் அங்கேதான் போகும். கேள்வி இந்த வரிசையில் இருந்தால் பேச்சு ஓடும்: என்ன நடந்தது? ஏன் நடந்தது? நம்ம மலையில் இது எங்கே வேறு மாதிரி நடக்கிறது? எந்த விதியை மாற்றினால் மலைக்கு இன்னும் கிட்ட வரும்? முதல் இரண்டை எல்லாரும் சொல்வார்கள். மூன்றாவதிலும் நான்காவதிலும்தான் யாருக்குப் புரிந்திருக்கிறது என்பது வெளியே வரும்.

நோட்டில் மூன்று பத்தி கோடு போடச் சொல்லுங்கள்: விளையாட்டில் எப்படி, மலையில் எப்படி, ஏன் வித்தியாசம். ஒரு நாளைக்கு மூன்று வரி. உதாரணமாக: "விளையாட்டில் தண்ணீர் தீரவில்லை / மார்ச்சில் எங்கள் ஹட்டி (ஊர்) கிணறு இறங்குகிறது / விளையாட்டில் மழையே கணக்கில் இல்லை, மண்ணுக்குள் போகும் தண்ணீரும் இல்லை." மூன்றாவது பத்திக்குத்தான் மதிப்பெண். தலைமையாசிரியரிடம் இந்த நோட்டைக் காட்டினால் போதும், வேறு சான்று தேவைப்படாது.

ஆறாவது பாடவேளையை வெளியே வையுங்கள். கிராப் தாளோடு சரிவில் நடந்து, கட்டிய உலகத்தில் எந்தக் கட்டை தப்பு என்று பத்து இடத்தைக் குறித்து வரட்டும். மழை பெய்தால் ஜன்னலோரமாகச் செய்யலாம்.

கோத்தகிரிச்சாரல்:

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: விதையும் சீட்டும் மொத்தம் எவ்வளவு வேண்டும்?

பதில்: வில்பட்டி_மேடு

ஒரு குழுவுக்கு 24 விதைக்கு மேல் ஒரு சுற்றில் தேவைப்படாது. கோடையில் ஐந்து சோலையும் நின்றால்கூட 22தான். மறுநாள் 20 பேர் வரும்போது நாலு குழு, அதாவது 96 விதை. தொலைவதற்கும் சேர்த்து 120 எண்ணி வையுங்கள். அன்றைக்குத் தனிக் கணக்கர் இருக்க மாட்டார், ஐந்தாவது வீட்டுக்காரர் எழுதட்டும். இழப்பு அவருக்கு என்பதால் கணக்கு சரியாக இருக்கும். சீட்டு, குடும்பத்துக்குக் கேரட் இரண்டு, தேயிலை இரண்டு, சோலையும் புல்வெளியும் ஒன்று, கற்பூர மரம் இரண்டு, காலி இரண்டு. பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் கனமாக இருக்கும், அதில் வெட்டுங்கள். விதையை மூடியுள்ள டின்னில் போட்டு ஸ்டாஃப் ரூமில் வையுங்கள். லேப் மேசையில் துணிப்பையில் விட்டால் இந்த ஈரத்துக்கு அடுத்த வாரம் பாதி முளைத்திருக்கும்.